பழைய டூயல் ஸ்போர்ட் பைக்: வாங்கும் முன்பும் மாற்றும் முன்பும்

சிட்னியிலும் மெல்பனிலும் காட்டுப் பாதையிலும் தார்ச்சாலையிலும் ஓடக்கூடிய பைக் ஒன்றை மலிவாகத் தேடும் நம் இளைஞர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது சுசுகி டிஆர்650 அல்லது கவாசாகி கேஎல்ஆர்650 முன்னால்தான். டிஆர் 1996-இல் வந்த வடிவம். பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் விற்றது. ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர்; ரேடியேட்டர் கிடையாது. வீட்டு ஷெட்டில் வைத்து நாமே பிரித்து மாட்டலாம். கேஎல்ஆர் 1987 முதல் ஓடுகிறது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஓட்டக்கூடிய லாம்ஸ் பட்டியலிலும் இரண்டும் உண்டு. இந்தப் பைக்குகளின் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. சட்டம் எந்த இடத்தில் நம் பக்கம் நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பைக்கைப் பார்க்கும் முன் விற்பவர் யார் என்று பாருங்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. டீலரிடம் வாங்கினால், அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தோடு பைக் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் தானாகவே வந்துவிடும். பழைய, அதிகம் ஓடிய பைக்குக்கு மாநிலச் சட்டம் தரும் டீலர் வாரண்டி கிடைக்காது. "இதுக்கு வாரண்டி இல்லை" என்று கடைக்காரர் சொல்வது அந்த அளவுக்கு உண்மை. ஆனால் நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதம் வேறு. "உள்ளது உள்ளபடி" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது போகாது. 20 வயதுப் பைக் புதிது போல் ஓட வேண்டும் என்று கேட்க முடியாது. இரண்டாம் வாரமே கியர்பாக்ஸ் நொறுங்கினால் கட்டாயம் கேட்கலாம்.

தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பைக் அவருடையதுதான், அதன் மேல் சொல்லப்படாத கடன் இல்லை என்பது போன்ற உரிமை சார்ந்த உத்தரவாதம் மட்டுமே மிஞ்சும். தரம் முழுக்க உங்கள் பொறுப்பு. பழைய டூயல் ஸ்போர்ட் பைக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன என்பதால், பணம் கொடுக்கும் முன் செய்வதுதான் உங்களுக்கான முழுப் பாதுகாப்பும்.

அதில் மிகவும் மலிவானது பிபிஎஸ்ஆர் தேடல். அரசின் இந்தப் பதிவேட்டில் 2 டாலருக்கு, பைக்கின் மேல் கடன் பாக்கி உண்டா, திருட்டுப் புகார் உண்டா, விபத்தில் கழித்துக்கட்டப்பட்டதா என்று பார்த்துவிடலாம். அதே தகவலுக்குப் பல மடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அரசு தளம்தானா என்று பார்த்து நுழையுங்கள். விற்பவர் குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணை அப்படியே போட வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் தலைப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணை நேரில் துடைத்துப் படித்து அதைத் தேடுங்கள். கடன் பாக்கி இருக்கும் பைக்கை வாங்கினால், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும் நிதி நிறுவனம் வந்து எடுத்துப்போகலாம். வாங்கும் நாளிலேயே தேடி, சான்றிதழைச் சேமித்து வையுங்கள்.

அடுத்தது ரெஜோ, அதாவது வண்டிப் பதிவு. விக்டோரியாவில் பதிவோடு விற்கும்போது 30 நாளுக்குள் எடுத்த ரோட்வொர்தி சான்றிதழை விற்பவர் தர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வயதைத் தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் பிங்க் ஸ்லிப் சோதனை. இவை இரண்டையும் எஞ்சினுக்கான நற்சான்று என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் போன்ற பாதுகாப்பு சமாச்சாரங்களைத்தான் சோதிப்பவர்கள் பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தத் தாளில் இருக்காது.

அங்கேதான் இந்தப் பைக்குகளின் நிஜமான நோய் இருக்கிறது. டிஆர்650-இல் கிளட்சுக்குப் பின்னால், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று சொல்லும் சின்ன சென்சாரை இரண்டே திருகுகள் பிடித்திருக்கும். ஆண்டுக்கணக்கான அதிர்வில் அவை தளர்ந்து எஞ்சினுக்குள் விழுந்தால், பல்சக்கரங்களுக்கு இடையில் சிக்கிப் பெரிய செலவு வைக்கும். கிளட்சைக் கழற்றி, திருகுகளைப் பசை போட்டு முறுக்கியோ கம்பியால் கட்டியோ வைத்தால் தீர்ந்தது. கேஎல்ஆரில் இடப்பக்க மூடிக்குள் பேலன்சர் செயினை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு; 2007 வரை வந்த வண்டிகளில் அது உடையும், அதன் ஸ்பிரிங்கும் தொய்யும். இந்த வேலைகள் முடிந்துவிட்டனவா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடிக்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் இரும்புப் பொடி மாவு போல் இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய சில்லுகள் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வாங்கியதும் எல்லோருக்கும் வரும் ஆசை, மாற்றிப் பார்ப்பது. சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் பாதி நாளில் வண்டியையே மாற்றிக்கொண்டு வந்த பழக்கம் நமக்கு. இங்கே அப்படிச் செய்தால் லைசென்சும் இன்சூரன்சும் சேர்ந்தே மாறும். பொதுவாகத் தடை இல்லாத வேலைகள் உண்டு: எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு, கைக்காப்பு, எடைக்கேற்ற ஸ்பிரிங், பெரிய பெட்ரோல் டேங்க். டிஆரின் சொந்த டேங்க் 13 லிட்டர்தான். ஆஸ்திரேலியாவிலேயே தயாராகும் சஃபாரி டேங்க் 30 லிட்டர் கொள்ளும். அந்த 30 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 22 கிலோவுக்கு மேல் எடை. முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றாமல் அதை ஏற்றினால், மண் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்க ஃபோர்க் முழுக்க அமுங்கிப்போகும்.

ஆனால் கார்புரேட்டரையும் சைலன்சரையும் தொட்டால் கதை வேறு. லாம்ஸ் அனுமதிக்கு 660 சிசி என்பது மட்டும் வரம்பு இல்லை. ஒரு டன்னுக்கு 150 கிலோவாட் என்ற சக்தி வரம்பும் உண்டு, வண்டி தொழிற்சாலை வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சக்தியைக் கூட்டிய பைக்கை லேர்னரோ புரொவிஷனலோ ஓட்டினால் லைசென்ஸ் நிபந்தனை மீறல் ஆகிவிடும். சத்தத்துக்கு வரம்பு உண்டு. "நெடுஞ்சாலைக்கு உரியதல்ல" என்று பக்கவாட்டில் அச்சடித்த முரட்டு டயரைத் தெருவில் போட முடியாது. பின் மட்கார்டை வெட்டி எண் பலகையைச் சீட்டுக்கு அடியில் ஒளிப்பது போலீஸுக்கு நாமே அனுப்பும் அழைப்பு. ஃபிரேம், பிரேக் போன்றவற்றில் கை வைக்கும் பெரிய மாற்றத்துக்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் தேவை. நியூ சவுத் வேல்ஸில் விஎஸ்சிசிஎஸ், விக்டோரியாவில் வாஸ் என்ற ஏற்பாடு. மாற்றிய பிறகு ஆளைத் தேடாமல், மாற்றும் முன்பே போய்ப் பேசுங்கள்.

இன்சூரன்சில் பயந்தே உரிமையை இழப்பவர்களைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. "சைலன்சர் மாத்திட்டேன், இனிமே க்ளெய்ம் கிடைக்காது" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1984-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிசி எடுத்த பின் நீங்கள் செய்த ஒரு காரியம் இழப்புக்குக் காரணமாகவே இல்லை என்றால், அதைக் காட்டி மட்டும் க்ளெய்மை முழுதாக மறுக்க முடியாது. ஷெட்டில் பூட்டி வைத்த பைக் திருடு போனதற்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பாலிசி எடுக்கும்போது கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்வது வேறு விவகாரம். தவறான தகவல் தராமல் நியாயமான கவனம் எடுப்பது 2021 அக்டோபர் 5 முதல் நம் கடமை. மோசடி நோக்கம் இருந்தால் முழுவதும் மறுக்கலாம். இல்லாவிட்டாலும் தொகையைக் குறைக்கலாம். மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைச் சேமித்து வைப்பதே நல்லது. நிறுவனம் மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் முறையிட்டு, பிறகு ஆஃப்கா என்ற நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகலாம். நமக்குக் கட்டணம் இல்லை.

இன்னொரு அபாயத்தை யாரும் பேசுவதில்லை. 1980-களின் பைக்குகளில் பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஆஸ்திரேலியா அதை 2003 டிசம்பர் 31 முதல் முழுமையாகத் தடை செய்தது. இறக்குமதியும் குற்றம். 2012-இல் கிரேட் வால், செரி கார்களின் கேஸ்கெட்களில் அது கண்டுபிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஊருக்குப் போய் வரும்போது பழைய ஸ்டாக் பிரேக் ஷூவைச் சூட்கேசில் போட்டுக்கொண்டு வருவது அந்தத் தடைக்குள் வரக்கூடும். ஷெட்டில் பழைய டிரம் பிரேக்கைப் பிரித்தால் காற்றடித்துத் தூசியைப் பறக்க விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி, உங்கள் கவுன்சில் சொல்லும் இடத்தில் கொடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இனி ஒர்க்ஷாப். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கடை, வால்வு சரிசெய்ததாகப் பணம் வாங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வால்வு மூடியின் போல்ட்களைச் சுற்றிப் பழைய பயணத்துச் செம்மண் அப்படியே காய்ந்து கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடயமே இல்லை. அவர் சண்டை போடவில்லை. வேலை வாரியாகப் பிரித்த பில் கேட்டு எழுதினார். சேவைக்கான பில் வந்த 30 நாளுக்குள் அப்படிக் கேட்டால், 7 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம். பில் வரும் முன்பே கடை வண்டியைத் திரும்ப எடுத்து வேலையைச் செய்து கொடுத்தது. படம் எடுத்து வைத்திருந்தது அவருக்கு உதவியது.

வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும், நியாயமான காலத்தில் முடிய வேண்டும் என்பதும் நம் உரிமை. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பழுதுபார்ப்பவருக்கு உரிமம் உண்டா என்று ஃபேர் டிரேடிங் பதிவேட்டில் பார்க்கலாம். தகராறு வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் வாய்ப்புக் கொடுங்கள். பிறகு நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங், அதற்கு மேல் என்கேட் தீர்ப்பாயம். விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ், அதற்கு மேல் விகேட் தீர்ப்பாயம். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். பில்லும் படமும் மின்னஞ்சலும்தான் அங்கே பேசும்.

காட்டுக்குள் ஓட்டுவதற்கு ரெஜோ வேண்டாம் என்ற நினைப்பும் தவறு. நியூ சவுத் வேல்ஸின் வாட்டகன், ஓபரான் பக்கத்து அரசுக் காடுகளானாலும் விக்டோரியாவின் மலைப் பாதைகளானாலும் பதிவும் லைசென்சும் இருக்க வேண்டும். பதிவு இல்லாத பைக்கால் ஒருவர் காயப்பட்டால், அவருக்குத் தரும் இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கலாம். பதிவான பைக்கில் உங்களுக்கு அடிபட்டால் உரிமை கணிசமானது: நியூ சவுத் வேல்ஸில் தவறு யாருடையதானாலும் 2023 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய விபத்துக்குக் கிரீன் ஸ்லிப் என்ற கட்டாய இன்சூரன்சில் 52 வாரம் வரை சிகிச்சை, வருமான உதவி உண்டு. வருமான உதவி விபத்துக்கு மறுநாளிலிருந்தே கிடைக்க 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விக்டோரியாவில் டிஏசி என்ற விபத்து இழப்பீட்டு ஆணையத்திடம் ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கிப் புகாரையே கைவிட வேண்டாம். 131 450-ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார். பிறகு நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் 13 32 20, கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா 1300 55 81 81, ஆஃப்கா 1800 931 678 ஆகிய எண்களில் எது வேண்டுமோ அதோடு இணைக்கச் சொல்லுங்கள்.