ஆணா பெண்ணா தெரியலையா? தொல்காப்பியரைக் கேளுங்க!

முதலில் முறுக்கு.

கூலாயில் எங்கள் தாமான் புலனக் குழுவில் ‘ஜி. மணி’ என்று ஒருவர் இருக்கிறார். முகப்புப் படத்தில் ஒரு கள்ளிச்செடி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் குழுவில் ஒரே ஒரு வரி வந்து விழும்: ‘முறுக்கு, அதிரசம். ஆர்டர் எடுக்கப்படும்.’ உடனே வரிசை கட்டும் பதில்கள்: ‘அண்ணே, எனக்கு ரெண்டு டின்.’ ‘மணி அண்ணே, எண்ணெய் கம்மியா இருக்கட்டும்.’ ‘பாஸ், வீட்டுக்குக் கொண்டாந்து தருவீங்களா?’ இரண்டு தீபாவளி இப்படியே ஓடியது. மூன்றாவது வருஷம் நானே எடுக்கப் போனேன். கேட்டைத் திறந்தவர் எழுபது வயது ஆயா. முழங்கை வரை மாவு. ‘மணி அண்ணன் இல்லீங்களா?’ என்றேன். ‘அந்த அண்ணன் நான்தான்யா, உள்ள வா’ என்றார்.

இத்தனை பேர் ஏமாந்தது எப்படித் தெரியுமா? ‘எடுக்கப்படும்’! அந்த வினைமுற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ‘எடுக்கிறேன்’ என்று எழுதியிருந்தாலும் கதை இதேதான். தமிழில் நான், நீ என்று பேசும்வரை யாரும் மாட்டிக்கொள்வதில்லை. இந்தியில் அப்படி நடக்காது. ‘நான் போகிறேன்’ என்று ஆண் சொல்வது ஒரு மாதிரி, பெண் சொல்வது வேறு மாதிரி. தமிழன் மாட்டுவது மூன்றாமவரைப் பற்றிப் பேச வாயைத் திறக்கும்போதுதான். வந்தான், வந்தாள்!

பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘டியா’ என்ற ஒரே சொல்லில் அவனும் அவளும் அடக்கம். பெரிய மனிதர் என்றால் ‘பெலியாவ்’, அரச குடும்பம் என்றால் ‘பகிண்டா’. அந்தஸ்துக்குத் தனிச் சொல் வைத்தவர்கள் பாலுக்கு வைக்கவில்லை! தம்பிக்கும் தங்கைக்கும்கூட ஒரே ‘அடிக்’. கூலாய்ச் சீனர்களிடையே ஹக்கா பேச்சு ஊறிக் கிடக்கிறது. அதிலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். மாண்டரினில் ‘தா’ என்றால் அவன், அவள், அது மூன்றும்தான், காதுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தில் மட்டும் பெண்ணுக்குத் தனி ‘தா’ உண்டே என்பீர்கள். அது நேற்று முளைத்தது! 1920 வாக்கில் லியு பான்னுங் என்ற கவிஞர் பரப்பிய எழுத்து அது. ஐரோப்பிய மொழிகளில் ‘ஷீ’ இருக்கிறதே, நமக்கும் வேண்டாமா என்ற அந்தக் காலத்து ஆசை. இன்றைய இளசுகளோ இணையத்தில் சீன எழுத்தையே விட்டுவிட்டு, ஒலிக்கு மட்டும் இரண்டு ரோமன் எழுத்தைத் தட்டி நழுவிவிடுகிறார்கள். நூறு வருஷத்தில் ஒரு முழுச் சுற்று!

இதெல்லாம் அபூர்வம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஆனா சீவியெர்ஸ்கா என்ற மொழியியலாளர் 378 மொழிகளை எடுத்துப் பார்த்தார். 254 மொழிகளின் பிரதிப்பெயர்களில் ஆண், பெண் பேதமே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு! தமிழும் ஆங்கிலமும்தான் சிறுபான்மைக் கட்சி. நம் மொழிக் குடும்பத்துக்குள்ளேயே பாருங்கள்: மலையாளத்தில் அவனும் உண்டு, அவளும் உண்டு, ஆனால் யார் வந்தாலும் ‘வன்னு’. தெலுங்கு இன்னும் வேடிக்கை. மரியாதை இல்லாமல் ஒரு பெண்ணைச் சொன்னால், மாட்டுக்கும் மேசைக்கும் வரும் அதே ‘அதி’தான் அவளுக்கும்.

சரி, ‘டியா’வை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னால் கணினி என்ன செய்யும்? ஊகிக்கும்! இதே சிக்கல் துருக்கி மொழியில் வந்து கூகுளின் மானம் போனது. அங்கேயும் ஒரே சொல்தான். டாக்டர் என்றால் ‘ஹீ’, நர்ஸ் என்றால் ‘ஷீ’ என்று மொழிபெயர்ப்பான் தானாக முடிவு கட்டியது. 2018 டிசம்பரில்தான் கூகுள் இறங்கிவந்து, இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது. இதற்கும் கூலாய்க்கும் என்ன சம்பந்தம்? நிறைய! செம்பனைக்கும் ரப்பருக்கும் பெயர்போன நம் ஊரில் இப்போது ஒய்டிஎல் நிறுவனத்தின் 500 மெகாவாட் தரவு மையப் பூங்கா. 2023 டிசம்பரில் அந்த நிறுவனமும் என்விடியாவும் சேர்ந்து 430 கோடி அமெரிக்க டாலர் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தை அறிவித்தபோது அதற்குக் குறித்த இடம் ஜொகூர், அதிலும் நம் கூலாய். பக்கத்து செடெனாக்கிலும் இதே கட்டடங்கள்தான் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நேற்று வரை காயை எண்ணிய மண்ணில் நாளை ‘இது ஆணா பெண்ணா’ என்று கணினி எண்ணிக்கொண்டிருக்கும்!

மலேசியாவில் பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாமே என்பார்கள். நம்மவர் பெயரில் ‘ஏ/எல்’ என்றால் மகன், ‘ஏ/பி’ என்றால் மகள். மலாய்க்காரருக்கு பின், பிந்தி. சீனப் பெயரில் அப்படி எதுவும் கிடையாது. 2013 முதல் கூலாயின் எம்.பி. தியோ நீ சிங். 2022 டிசம்பரில் தொடர்பு, இலக்கவியல் துணையமைச்சர் ஆனவர். ஊருக்குப் புதிதாக வந்த தமிழரிடம் இந்தப் பெயரைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். பெண்மணிதான்! தமிழ்ப் பத்திரிகை ‘தெரிவித்தார்’ என்று முடித்துவிடுவதால் அவரைப் பற்றி நாள்முழுக்கப் படித்தாலும் தெரியவராது.

இன்னொரு ரகசியம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (ஜொகூர் என்றால் 01). கடைசி இலக்கம்? ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்! மொழி மறைப்பதை எண் காட்டிக்கொடுக்கிறது.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா தெரியாதபோது எப்படிச் சொல்வது என்று ஆங்கில உலகம் தலையைப் பிய்த்துக்கொள்கிறது அல்லவா? தொல்காப்பியர் அதற்கு விதி எழுதிவைத்திருக்கிறார்! சொல்லதிகாரம், கிளவியாக்கம். மனிதர் என்று தெரிகிறது, ஆனால் பால் சந்தேகம் என்றால் பன்மையில் சொல் என்கிறார், அவ்வளவுதான். தூரத்தில் யாரோ வருகிறார்கள், ஆடவனா பெண்ணா புலப்படவில்லை. ‘தோன்றுவார்’ என்று முடி என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். நூலின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கட்டும். எப்படிக் குறைத்தாலும், ஆங்கிலத்தில் ‘தே’ என்ற பன்மை ஒருமைக்கு வந்ததாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் 1375-க்குப் பல நூற்றாண்டு முந்தி!

அடுத்த விதி அதைவிடக் கிறுகிறுக்க வைக்கும். தெரிவது மனிதனா, வெறும் மரக்கட்டையா என்றே தெரியவில்லை என்றால்? ‘உரு’ என்று சொல் என்கிறார். உரையில் வரும் எடுத்துக்காட்டு, நிற்பது கட்டையா மனிதனா என்ற சந்தேகம். படமில்லாத கணக்கிலிருந்து நள்ளிரவில் ‘ஹாய்’ வருகிறதே, அது மனிதனா தானியங்கியா என்று விழிக்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறதா சொல்லுங்கள்.

நம்மிடம் கேட்காமல் மேற்கத்தியர்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1858-ல் சார்லஸ் கன்வர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் புதிதாக ஒரு சொல்லையே உருவாக்கினார்: ‘தொன்’. நம் ‘தான்’-க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒலிக்கும். 1934-ல் வெப்ஸ்டர் பேரகராதியில் ஏறியது, 1961-ல் இறக்கிவிட்டார்கள். (தேவாலயத்தில் ‘வாட் எ ஃப்ரெண்ட் வி ஹேவ் இன் ஜீசஸ்’ பாடியிருப்பீர்கள்; அதற்கு மெட்டுப் போட்டவரும் இவரே! மெட்டு பிழைத்தது, சொல் பிழைக்கவில்லை.) சுவீடன் ‘ஹென்’ என்ற சொல்லைத் தன் கல்விக்கழக அகராதியில் சேர்த்தது 2015-ல். ‘தே’ மெரியம்-வெப்ஸ்டரின் ஆண்டுச் சொல் ஆனது 2019-ல். இன்ஸ்டாகிராம் அவரவர் பிரதிப்பெயரைக் குறிக்கத் தனிக் கட்டம் வைத்தது 2021-ல்.

அப்படியானால் நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது, பிரச்சினை முடிந்தது என்று காலரைத் தூக்கிவிடாதீர்கள். எழுத்தில்தான் ‘அவர்’ இருபாலருக்கும் பொது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘அவரு வந்தாரு.’ யார் தெரிகிறார்? ஆண்தானே! ஆயாவைப் பற்றி யாராவது ‘அவரு முறுக்கு சுட்டாரு’ என்பார்களா? ‘அவங்க சுட்டாங்க’தான். ஆக, பேச்சுத் தமிழில் உண்மையான பொதுச்சொல் ‘அவங்க’. அதற்கும் ‘அவர்’-க்கும் ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு, மரியாதை! மதிப்பவரிடம் மட்டுமே தமிழ் ஆண் பெண் பார்க்காமல் இருக்கிறது. கடைப் பையன், வேலைக்கு வரும் பிள்ளை, சண்டைக்காரன் என்று வந்தால் உடனே அவன், அவள். இணைய விளையாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும் என் அக்கா மகன் முகம் தெரியாத கூட்டாளி அத்தனை பேரையும் ‘டேய்’ என்கிறான். மரியாதை இல்லாத இடத்தில் எல்லாரும் ஆண்! ஒரு விசித்திரம் பாருங்கள்: பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி ‘வாடா’ என்று கொஞ்சிக்கொள்ளலாம், அம்மா மகளை ‘என்னடா செல்லம்’ எனலாம். பையனை ஒரு தடவை ‘டி’ போட்டுப் பாருங்கள், குழுவே இரண்டாகும்.

பெயர் பார்த்து ஏமாறுவது இணையம் கொண்டுவந்த வியாதியும் இல்லை. எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவி பெயரை எடுத்துக்கொண்டார். அதுதான் சுஜாதா! ஸ்டெல்லா புரூஸ் ஆண், புஷ்பா தங்கதுரை ஆண். கடல் கடந்தால் தலைகீழ் வேடிக்கை. ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் பெண்ணாக இருக்கவே முடியாது, நடையே ஆண் நடை என்று ராபர்ட் சில்வர்பெர்க் 1975-ல் அடித்துச் சொன்னார். 1977-ல் குட்டு வெளிப்பட்டது: டிப்ட்ரீ, ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி! நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பெருமாளுக்காக ஏங்கிய ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சி தராது.

ஊகிக்காமல் அழைப்பதற்குச் சட்டமே சொல் தேடிய கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவாக, 2022-ல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநர், பால்புதுமையர் எல்லாம் அதில் உண்டு. கடைசி எழுத்தைக் கவனித்தீர்களா? அதே தொல்காப்பிய ‘ர்’!

முறுக்குக்கு வருவோம். இந்த வருஷம் குழுவில் புதிதாக ஒருவர். படம் இல்லை, பெயர் ‘ஜேபி தவ்கே’. ‘மணி அங்கிள், அதிரசம் இருக்கா?’ என்று கேட்டிருந்தார். திருத்திவிடலாம் என்று நான் தட்டத் தொடங்கினேன்: ‘அங்கிள் இல்லீங்க, அவங்க...’ அதற்குள் கள்ளிச்செடியிடமிருந்து பதில் வந்துவிட்டது.

‘இருக்கு தம்பி. டின் 30 வெள்ளி.’

‘தம்பி இல்ல அங்கிள், நான் பொண்ணு.’