மூன்று தீவுகளும் ஒரு குன்றும்

காவிரி பிரிந்து கூடுகிற இடத்தில் எல்லாம் ரங்கநாதர் படுத்திருக்கிறார் என்று பாட்டிமார் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி அரங்கம், சிவனசமுத்திரம் மத்திய அரங்கம், நம் திருவரங்கம் அந்திய அரங்கம். மூன்றும் ஆற்றுக்கு நடுவே கிடக்கும் தீவுகள். மைசூரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் மேல்கோட்டை தீவு அல்ல, பாறைக் குன்று. ஆனாலும் தீவு யாத்திரை கிளம்பும் தமிழர்கள் திருநாராயணபுரம் என்ற அந்த ஊரைச் சேவிக்காமல் திரும்பியதில்லை. அந்தக் குன்றில் முன்பு எத்தனை நாள் தங்கினார்கள், இன்று எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே யாத்திரை எப்படி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த வழியில் போனவர்களில் மூத்தவர் ராமானுஜர். அவர் திட்டம் போட்டுக் கிளம்பவில்லை. சோழ மன்னனின் கோபத்துக்குத் தப்பி, காஷாயத்தைக் களைந்து வெள்ளை உடுத்தி, மலையடிவாரக் காடுகள் வழியாகச் சாளக்கிராமம் வந்து, தொண்டனூரில் தங்கி, பிறகு மேல்கோட்டை சேர்ந்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். அவர் திருவரங்கம் திரும்பும்போது பிரிவு தாங்காத சீடர்கள் வடித்து வைத்துக்கொண்ட அவர் சிலைதான் ‘தமருகந்த திருமேனி’. இன்றும் கோயிலுக்குள் அதைச் சேவிக்கலாம்.

நம் தாத்தாக்களின் காலத்தில் யாத்திரைத் திட்டம் பஞ்சாங்கத்தில் தொடங்கும். தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது பங்குனி வரும். மேல்கோட்டையில் பெருமாளுக்கு வைரக் கிரீடம் சாத்தும் வைரமுடி சேவையும் பங்குனியில்தான். அடுத்து ஒரு கார்டு. ‘நாங்கள் பெரியவர்கள் நாலு, குழந்தைகள் மூன்று, இன்ன தேதிக்கு வருகிறோம்’ என்று அங்குள்ள ஒரு திருமாளிகைக்கு எழுதிப் போடுவார்கள். பதில் வந்த பிறகுதான் மூட்டை கட்டுவது. ஹோட்டல் சாப்பாடு ஆசாரத்துக்கு ஆகாது என்பதால் புளிக்காய்ச்சல் ஜாடிக்கு வாயில் துணி கட்டி, அதன்மேல் சணல் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போன அத்தைகள் உண்டு. ஜாடி உடைந்தால் பாதி யாத்திரை பட்டினி.

மீட்டர்கேஜ் ரயிலில் ‘பிரெஞ்ச் ராக்ஸ்’ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஹைதர், திப்பு காலத்துப் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்ததால் வந்த பெயர். இன்று அது பாண்டவபுரா. அங்கிருந்து மாட்டு வண்டி, இருபது கிலோமீட்டருக்கு மேல். கடைசி ஏற்றத்தில் ஆண்கள் இறங்கி நடப்பார்கள். இப்படி உடம்பு நொந்து வந்து சேர்ந்தவர்கள் மறுநாளே திரும்புவார்களா? மூன்று நாள், நாலு நாள் இருப்பார்கள். கல்யாணிக் குளத்தில் குளியல், யோக நரசிம்மர் படி ஏற்றம், மாலையில் உற்சவர் செல்வப்பிள்ளையின் புறப்பாடு. தங்கிய வீட்டு மண்டயம் ஐயங்கார்களின் கன்னடம் கலந்த தமிழ் முதல் நாள் வேடிக்கையாக இருக்கும், மூன்றாம் நாள் நம் வாயிலும் வந்துவிடும். சில குடும்பங்களுக்கு அப்படியே பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் ஏற்பட்டது.

சிவனசமுத்திரம் அன்று இன்னும் பக்கம். 1956 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. நடுவரங்கமும் அதில் அடக்கம். தீவுக்குப் போகும் பாலத்தை 1830களில் செப்பனிட்டு, கோயிலையும் பார்த்துக்கொண்டவர் ராமசாமி முதலியார் என்ற தமிழர். 1902இல் அங்கிருக்கும் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. யாத்திரை வந்தவர்கள் பெருமாளோடு மின்நிலையத்தையும் பார்த்துவிட்டு வந்து ஊரில் கதை சொன்னார்கள்.

இன்றைய திட்டம் வேறு. ‘ஒரே நாளில் மூன்று அரங்கம்’ என்பது பலருக்கும் ஆசை. காலையில் ஆதி, நண்பகலுக்குள் மத்தியம், பொழுது சாய்வதற்குள் அந்தியம். முன்னே இது வாய்ச்சொல்லாக இருந்திருக்கும். கார் வந்த பிறகு கைக்கு எட்டுகிறது. சிவனசமுத்திரத்திலிருந்து திருவரங்கம் 300 கிலோமீட்டருக்கு மேல். குறுக்கே திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க வந்த ஏற்பாடு, வர வேண்டியதுதான். ஆகவே பகலிலேயே இறங்கிவிட வேண்டும், கணக்கு நிமிஷத்தில் போகிறது.

சென்னையிலிருந்து வருவது இன்னும் சுலபம். 2022 நவம்பரில் மைசூருக்கு வந்தே பாரத் வந்தது. 2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை, 118 கிலோமீட்டர், திறக்கப்பட்டது. இதனால் யாருக்கு லாபம் என்றால், முதலில் பெண்களுக்கு. அன்று ஆண் துணை இல்லாமல், யாராவது ஒரு கோஷ்டியில் ஒட்டிக்கொள்ளாமல், ஒரு விதவை அத்தை மேல்கோட்டையை நினைத்துப் பார்க்கவே முடியாது. இன்று அறுபது தாண்டிய மாமிகள் பத்துப் பேர் வாட்ஸ்அப்பில் பேசி, வேன் வைத்து, தாங்களே போய் வருகிறார்கள். பழைய யாத்திரையைப் பற்றி உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இழப்பு மேல்கோட்டைக்குத்தான். மூன்று தீவுக் கணக்கில் குன்றுக்கு இடமில்லை. முந்தின நாள் மதியத்தில் செருகுகிறார்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பது தெரியாமல் வந்து, கல்யாணிக் கரையில் செல்ஃபி எடுத்து, புளியோகரே ஒரு பொட்டலம், கொஜ்ஜு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, பெருமாளைப் பார்க்காமலே இறங்கும் கார்களை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பொறுக்கவில்லை. மைசூரில் ரூம் போட்டாயிற்று, அதனால் திரும்பியாக வேண்டும் என்பார்கள். அந்த ஒரு ராத்திரி ரூமை மேல்கோட்டையில் போட்டால் என்ன? மடங்களிலும் சிறு விடுதிகளிலும் இடம் கிடைக்கிறது. விடிகாலையில் குன்றின் மேல் நின்றால் சுற்றுவட்டாரத்து ஏரிகள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அன்று இல்லாத கவலை. மேல்கோட்டை இருக்கும் மண்டியா மாவட்டம் காவிரிப் போராட்டத்தின் மையம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டதும், தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்ததும் யாரும் மறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் அங்கே தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம். ஒரே ஆற்றின் மூன்று தீவுகளைச் சேவிக்கப் போகிறவர்கள் இப்படிக் கேட்க வேண்டியிருப்பது வேதனை. ஆனால் இதையும் சொல்கிறேன்: கோயிலுக்குள் தமிழ்ப் பாசுரம் நின்றதில்லை. கன்னட நாட்டின் நடுவே திவ்யப்பிரபந்த கோஷ்டி நடக்கிறது, அங்கத்து மக்களே பாடுகிறார்கள்.

வைரமுடி நாளில் மட்டும் நிமிஷக் கணக்கு எதுவும் செல்லாது. கிரீடம் மண்டியா கருவூலத்திலிருந்து அன்றுதான் போலீஸ் காவலோடு கிளம்பும். வழியில் ஊருக்கு ஊர் நிறுத்தி ஆரத்தி எடுப்பார்கள். இரவில் செல்வப்பிள்ளை கருடன் மேல் வைரமுடியோடு புறப்பட்டால் வீதி சுற்றி முடிக்க நள்ளிரவு தாண்டும். பிறகு வைரமுடியைக் கழற்றி, மைசூர் மன்னர் ராஜ உடையார் தந்த ராஜமுடியைச் சாத்துவார்கள். வண்டிகளை மலைக்குக் கீழேயே நிறுத்திவிடுவதால், காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் நடந்துதான் ஏற வேண்டும். ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தாக வேண்டும்.