பெப்சி கப் சரி... கதை? - 'பொஹீமியன் ராப்சடி' மீது குயின் ரசிகர்களின் செல்லக் கோபம்!

பியானோ மேலே இருந்த பெப்சி கப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. 1985 ஜூலை 13-ல் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த 'லைவ் எய்ட்' மேடையை, 2018-ல் வெளியான 'பொஹீமியன் ராப்சடி' படத்தில் அச்சு அசலாகக் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளை பனியன், அடர்ந்த மீசை, பாதி ஸ்டாண்டோடு சுழலும் மைக் என ஃப்ரெடி மெர்குரியாகவே மாறிய ராமி மாலிக், ஆஸ்கரையும் தட்டிச் சென்றார்.

ஆனால், 'குயின்' பாடல்களோடு வளர்ந்த ரசிகரிடம் படத்தைப் பற்றிக் கேட்டால், சட்டென்று முகம் மாறும்.

படத்தில், தனி ஆல்பத்துக்காகக் குழுவை உதறிவிட்டுப் போகிறார் ஃப்ரெடி. பிறகு தப்பை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறார். நிஜத்தில் அப்படியொரு பிரிவே இல்லை! டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டவர். கிட்டாரிஸ்ட் பிரையன் மேயும் 1983-ல் தனியாக இசைத்தட்டு வெளியிட்டார். லைவ் எய்டுக்கு 2 மாதம் முன்புவரை நால்வரும் சேர்ந்தே நாடு நாடாகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். அந்த 20 நிமிடம் அத்தனை கச்சிதமாக அமைந்ததற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். படமோ, வருடக்கணக்கில் ஒத்திகையே இல்லாமல் வந்து நின்றவர்கள்போலக் காட்டுகிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ரெடியின் நோய் விஷயம்தான் ரசிகர்களுக்கு ஆறாத வலி. லைவ் எய்டுக்கு முன்பே தனக்கு எய்ட்ஸ் இருப்பதை நண்பர்களிடம் அவர் சொல்வதாகக் காட்சி. அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன் சொன்னபடி பார்த்தால், நோய் உறுதியானது 1987-ல்! அன்று வெம்ப்ளியில் பாடியது, மரணத்தை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அல்ல. உச்சத்தில் இருந்த 38 வயதுக் கலைஞர், தன் வேலையை ரசித்துச் செய்தார். அழவைக்க அது போதாதா என்ன?

பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் படத்தின் இசைப் பொறுப்பில் இருந்தவர்கள். உண்மை தெரிந்தவர்கள் கூடவே இருந்தும், 1991-ல் இறந்துபோன நண்பர்தான் திரையில் மன்னிப்புக் கேட்கிறார்.

ஃபரூக் புல்சாராவாக ஜான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், மகாராஷ்டிராவின் பஞ்ச்கனி ஹாஸ்டலில் படித்தபோதுதான் முதன்முதலாக ஒரு இசைக்குழுவில் சேர்ந்தான். தனிப் படமே எடுக்கலாம். இங்கே குடும்பத்தினர் பேசும் சில வசனங்களோடு சரி.

இவ்வளவு குறை சொல்லும் அதே ரசிகர், க்ளைமாக்ஸில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். காரணம், அந்தக் காட்சியில் ஒலிப்பது ஃப்ரெடியின் நிஜக் குரல். அன்றைக்கு வெம்ப்ளியில் பதிவானது. தியேட்டர் பிரதியில் அந்தக் கச்சேரியின் 2 பாடல்கள் கிடையாது. படம் முடிந்த கையோடு பலரும் மொபைலில் ஒரிஜினல் வீடியோவைத் தேடியது அதற்காகவும்தான்!