நத்தையின் வேகத்தில் ஆறும் மனம்

எலிசபெத் டோவா பெய்லி என்ற புனைபெயரில் எழுதும் அமெரிக்கப் பெண்மணிக்கு அப்போது வயது 34. ஐரோப்பாவுக்குச் சிறு பயணம் போன இடத்தில் இன்னதென்று தெரியாத ஒரு தொற்று அவரைத் தாக்கியது. ஊர் திரும்பிய பிறகும் நோய் விடவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்த படுக்கையானார். பார்க்க வந்த தோழி ஒருவர், காட்டில் கண்ட ஒரு நத்தையைப் பூச்செடித் தொட்டியில் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெய்லிக்கு முதலில் புரியவே இல்லை.

மறுநாள் காலையில் அருகிலிருந்த கடித உறையில் சதுரமாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. இரவில் நத்தைக்குப் பசித்திருக்கிறது! வாடிய பூக்களைத் தட்டில் போட்டார். அது அவற்றைத் தின்னும் மெல்லிய ஓசை அந்த அறையின் அமைதியில் அவருக்குக் கேட்டது. அன்று தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு அந்த நத்தையைக் கவனித்தார். நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசைகட்டி நிற்பதையும், ஒரே உடலில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதையும் படித்துத் தெரிந்துகொண்டார். அது முட்டையிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பொரிந்து வந்ததைக் கண்ணால் கண்டார். நலமாக இருந்த நண்பர்களின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நத்தையின் வேகம் மட்டும் அவருக்குப் பொருந்தியது. ‘காட்டு நத்தை உண்ணும் ஓசை’ என்று பொருள்படும் தலைப்பில் 2010-இல் வந்த அவரது நூல் இந்த அனுபவத்தைச் சொல்கிறது.

நோய் அவரை முழுதாக விட்டுப் போய்விடவில்லை. ஆனால், வாழ வேண்டும் என்ற பிடிப்பு திரும்பக் கிடைத்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. உடல் குணமாவது வேறு, துன்பத்துக்கு நடுவிலும் உள்ளம் ஆறுதல் கொள்வது வேறு. இந்த இரண்டாவதைப் பற்றி அறிவியல் சொல்வதைப் பார்ப்போம்.

ஜன்னலுக்கு வெளியே மரம்

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். வயது, பாலினம் போன்றவற்றில் ஒத்தவர்களை இணை இணையாகப் பிரித்தார். ஒவ்வோர் இணையிலும் ஒருவரின் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்றவருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது.

மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பியிருந்தார்கள். மரத்தைப் பார்த்தவர்களுக்கு வீரியமான வலிமருந்துகள் குறைவாகவே தேவைப்பட்டன. அவர்கள் மனம் தளர்ந்திருப்பதாகச் செவிலியர் எழுதிய குறிப்புகளும் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருத்துவமனைக் கட்டடங்களை வடிவமைப்பவர்களின் சிந்தனையை அது மாற்றியது.

களைத்துப்போகும் கவனம்

இது எப்படி நடக்கிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989-இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார்கள். கணக்குப் பார்க்கவும், போக்குவரத்து நெரிசலில் வண்டி ஓட்டவும், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவும் நாம் முயன்று கவனம் செலுத்துகிறோம். இந்தக் கவனம் களைத்துப்போகும். களைத்தபின் எரிச்சலும் தடுமாற்றமும் வரும். காற்றில் அசையும் இலை, நகரும் மேகம், ஓடும் நீர் ஆகியவை வேறு வகை. இவை நம்மை வற்புறுத்தாமல் மெல்ல ஈர்க்கின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துத் தேறுகிறது என்பது அவர்களின் கோட்பாடு.

துயரத்தில் இருப்பவரின் மனம் பழைய காயத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிரகரி பிராட்மனும் அவரது குழுவினரும் 38 பேரை இரு பிரிவாக்கி 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு பிரிவினர் மரங்களும் புல்வெளியும் உள்ள பகுதியில் நடந்தார்கள். மற்றவர்கள் வாகனங்கள் இரையும் நெடுஞ்சாலையோரம் நடந்தார்கள். புல்வெளியில் நடந்தவர்களிடம் மட்டும் இந்த அசைபோடுதல் குறைந்தது. அதோடு தொடர்புடைய, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. 2015-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

பார்வையில் இருக்கிறது பலன்

அப்படியென்றால் காடும் மலையும் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆறுதல் கிடைக்குமா? இல்லை. கனடாவில் ஹோலி-ஆன் பாஸ்மோர், மார்க் ஹோல்டர் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. கல்லூரி மாணவர்கள் 395 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் அன்றாடம் கண்ணில் படும் இயற்கைப் பொருட்களையும், அவை தம்முள் எழுப்பும் உணர்வுகளையும் இரண்டு வாரங்கள் கவனித்தார்கள். இன்னொரு பிரிவினர் மனிதர் செய்த பொருட்களை அதேபோலக் கவனித்தார்கள். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். முதல் பிரிவினரிடம் மகிழ்ச்சியும், பிற மனிதர்களோடும் உலகோடும் பிணைந்திருக்கும் உணர்வும் கூடியிருந்தன. இதற்காக அவர்கள் வெளியில் கூடுதல் நேரம் செலவிடவில்லை. வழியில் எப்போதும் இருந்த மரத்தை நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சிறிதாகும் ‘நான்’

துன்பம் வந்தால் ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி மனம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. வியப்பு அந்த அடைப்பைத் தளர்த்துகிறது. வர்ஜீனியா ஸ்டர்ம், டாக்கர் கெல்ட்னர் உள்ளிட்ட கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் முதியவர்கள் 52 பேரை எட்டு வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் வழியில் வியப்பூட்டுபவற்றைத் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல, வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்களது உருவம் சிறுத்தது, சுற்றுப்புறம் விரிந்தது. புன்னகையும் கூடியது. இரக்கமும் நன்றியுணர்வும் பெருகியதாக அவர்களே பதிவு செய்தார்கள். ‘நான்’ சுருங்கும்போது அமைதி பிறக்கும் என்று ஞானியர் பல மதங்களிலும் சொல்லிவந்தார்கள். அந்த அனுபவத்தின் ஒரு கீற்றை 2020-இல் வெளியான இந்த ஆய்வு புகைப்படத்தில் அளந்து காட்டியது.

நாம் செய்யக்கூடியது

மருந்தை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போகும்படி இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. மரம் தெரிந்த அறையில் இருந்தவர்களும் வலிமருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான். மனச்சோர்வு ஆழமாக இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இயற்கையைக் கவனிப்பது சிகிச்சைக்குத் துணை நிற்கும்.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே உயிரைப் பாருங்கள். கொல்லைப்புற முருங்கை, மொட்டைமாடிக்கு வரும் காகம், சுவரோரம் ஊரும் எறும்பு என எதுவாகவும் இருக்கலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால் விடையைத் தேடிப் படியுங்கள். பெய்லிக்கு நடந்ததும் இதுதான். அவரது கேள்விகள் தம் நோயிலிருந்து நத்தையின் பக்கம் திரும்பின. நத்தைக்குத் தேவையானதைத் தரும் பொறுப்பு, தம்மால் இன்னும் ஓர் உயிருக்குப் பயன் உண்டு என்ற நம்பிக்கையை அவருக்குத் தந்தது.

துன்பத்தில் இருப்பவரிடம் “கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாக ஓர் உயிரைப் பொறுமையாகப் பார்த்திருப்பது அதைவிடப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேச முடியாதவருக்கும் எழ முடியாதவருக்கும் நாம் செய்யக்கூடிய உதவி அது.