ஒரு ஃபோன், நாலு பிள்ளைகள்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நானாட்டானில் இருந்து நானும் வாட்ஸ்அப்பில் தமிழ்ப் பாடம் நடத்தினேன். வீடியோ அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாணவி இரவில்தான் பதில் போட்டாள்: "சேர், ஃபோன் வாப்பாவோட வயலுக்குப் போயிட்டு."

ஊரடங்கு தளர்ந்ததும் முறையை மாற்றினேன். அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கு ஒரு ஃபோன். டேட்டா குறைவாகச் செலவாகும் குரல்பதிவில் விளக்கம். கொப்பியில் கட்டுரை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார்கள். பாடசாலை திறந்ததும் அவற்றை வகுப்பில் அலசினோம். கலப்புக் கற்றல் என்பது இதுதான்.

பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது. 2005 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் 'நூலகம்' தளத்தில் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கலாம். பள்ளிவாசலோ வாசிகசாலையோ மாலையில் ஒரு கணினியை ஒதுக்கினால், அந்த மாணவிக்கும் அவை எட்டும்.