சுருக்கம் விழாத தோல்

பழைய அமெரிக்க ஷூக்களைச் சேகரிப்பவர்கள் ஒரு ஜோடியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது விரல்கள் மடங்கும் இடத்தைத்தான். அங்கே மெல்லிய கோடுகள் வலைபோல் ஓடினால் அது கன்றுத்தோல். கோடே இல்லாமல் தடித்த மடிப்புகள் இரண்டு மூன்று புரண்டிருந்தால் கார்டோவன்.

கார்டோவனைத் தோல் என்று சொன்னாலும் அது மேல்தோல் அல்ல. குதிரையின் பிட்டப் பகுதியில், தோலின் நடுவே, நார்கள் மிக நெருக்கமாகப் பின்னிய ஒரு படலம் இருக்கிறது. மேலே மயிர்க்கால் உள்ள பகுதியையும் கீழே சதைப்பக்கத்தையும் சீவி எடுத்தால்தான் அது வெளிப்படும். ஒரு குதிரைக்கு நீள்வட்டமாக இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். கன்றுத்தோலில் கோடு விழுவது மேலடுக்கில். இதிலோ அந்த அடுக்கே கிடையாது. அதனால்தான் இது மடிகிறதே தவிர, இதில் சுருக்கம் விழுவதில்லை.

இதற்குப் பேர்போன இடம் சிகாகோவின் ஹார்வீன் தோல் பதனிடும் ஆலை. உக்ரைனிலிருந்து குடியேறிய இசடோர் ஹார்வீன் 1905-இல் தொடங்கியது. அப்போது கார்டோவன் பெரும்பாலும் போனது காலுக்கல்ல, முகத்துக்கு: சவரக்கத்தி தீட்டும் தோல்வார் செய்வதற்கு. மாற்று பிளேடு வந்து கத்தி ஒழிந்ததும் அது காலணிக்கு நகர்ந்தது. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டதுபோல அங்கும் தாவரச் சாறுகளில்தான் ஊற வைக்கிறார்கள். பிறகு கொழுப்பு ஏற்றி, சீவி, கையால் சாயம் பூசி, கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். எல்லாம் முடியக் குறைந்தது ஆறு மாதம். தோலுக்காகக் குதிரையைக் கொல்வதில்லை. குதிரை இறைச்சி உண்ணும் நாடுகளில் மிஞ்சும் தோல்தான் வருகிறது, அதுவும் அளவாகத்தான். விலை ஏன் குறைவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தோலுக்கு வாய்த்த வடிவம் லாங்விங். முன்முனையில் தொடங்கும் துளையிட்ட பட்டை, இறக்கைபோல் இருபக்கமும் ஓடிக் குதிகால் வரை போகும். சிகாகோவில் தொடங்கிய ஃப்ளோர்ஷைம் நிறுவனத்தின் பழைய இம்பீரியல் லாங்விங்கின் குதிகாலில் வி வடிவ உலோகத் தகடு பதித்திருக்கும். மெல்லிய இத்தாலிய ஷூவோடு வைத்துப் பார்த்தால் முரட்டுத்தனமாகத்தான் தெரியும். எனக்கு அந்த முரட்டுத்தனமே பிடித்திருக்கிறது.

மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் வெல்ட் என்ற தோல்பட்டை வழியாகத் தைத்திருப்பதால், தேய்ந்த சோலைப் பிரித்துப் புதிது தைக்கலாம். பராமரிப்பும் எளிது: அடிக்கடி பிரஷ், எப்போதாவது கொஞ்சம் மெழுகு. மழைத்துளி பட்ட இடம் சிறு கொப்புளம்போல் எழும். காய்ந்தபின் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழைய ஜோடி கிடைத்தால் பளபளப்பில் மயங்காதீர்கள். மெதுவாக வளைத்து, மடிப்புகளின் அடியில் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சோல் போனால் மாற்றலாம். கார்டோவன் வெடித்தால் ஒட்டவைக்க வழியில்லை. அந்த ஜோடியை வாங்க வேண்டாம்.