பொட்டலத்தின் மேல் யார் முத்திரை?

உங்கள் கணிப்பொறிக்கு ஒரு புதிய நிரல் வேண்டும். ஒரே ஒரு வரியைத் தட்டுகிறீர்கள். எங்கிருந்தோ ஒரு கோப்பு வந்து, தானே பிரிந்து, உரிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது. அதை அனுப்பியவர் யார்? வழியில் எவரும் கை வைக்கவில்லை என்பதற்கு என்ன சான்று? நாம் கேட்பதே இல்லை!

டெபியன் என்னும் இயக்க அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் இதைத் தொடங்கினார். தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து இப்பெயரைச் சூட்டினார். இதற்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் உள்ள தொண்டர்களே பராமரிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் 69,000-க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் உள்ளன. நிரலும், அது இயங்கத் தேவையான பிற நிரல்களின் பட்டியலும் சேர்ந்த கட்டுக்கே பொட்டலம் என்று பெயர். அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் களஞ்சியம்.

களஞ்சியத்தின் நகல்கள் பல நாடுகளில் உள்ளன. நகல் வைத்திருப்பவர் ஒருவர் பொட்டலத்தை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? எந்தக் கோப்பையும் ஒரு கணித முறையால் 64 இலக்க அடையாள எண்ணாகச் சுருக்கலாம். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு பொட்டலத்தின் எண்ணும் ஒரு பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியலின் எண் இன்னொரு சிறு கோப்பில் இருக்கிறது. அச்சிறு கோப்பின் மீது டெபியனின் மறைகுறி முத்திரை இருக்கிறது. உங்கள் கணிப்பொறி முத்திரையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பொட்டலத்தைப் பிரிக்கும்.

ஆனால், வழியில் எதுவும் மாறவில்லை என்று மட்டுமே முத்திரை சொல்லும். ஊற்றே கெட்டிருந்தால்?

2024-இல் அதுதான் நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்னும் சிறு நிரலை ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவ முன்வந்தார். பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் பெற்றார். பிறகு, சோதனைக் கோப்புகளுக்குள் ஒரு கள்ளச் சாவியை ஒளித்து வைத்தார்! தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலே அதன் குறி. இத்தனைக்கும் எஸ்எஸ்எச் நிரலுக்கு எக்ஸ்-இசட் தேவையே இல்லை. டெபியன் உள்ளிட்ட சில அமைப்புகள் வேறு வசதிக்காகச் செய்திருந்த ஓர் இணைப்புத்தான் வழி திறந்துவிட்டது.

டெபியனில் புதுச் சரக்கு முதலில் 'நிலையற்ற' பகுதிக்கு வரும். சில நாட்களில் பெரிய குறை தெரியாவிட்டால் 'சோதனை'ப் பகுதிக்கு நகரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் 'நிலையான' பதிப்பு வெளியாகும். பழைய சரக்கையே தருகிறார்கள் என்று பலர் குறைகூறுவதுண்டு. கள்ளச் சாவி முதல் இரண்டு பகுதிகளை எட்டிவிட்டது. நிலையான பதிப்பை எட்டவில்லை.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர். ஒரு தரவுத்தள நிரலின் வேகத்தை அளந்துகொண்டிருந்த அவர், எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிப் போய், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். மூல நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் தேட முடிந்தது.

டெபியன் தொண்டர்கள் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினர். அதிலும் ஒரு சிக்கல்! கணிப்பொறி தானாகப் பெரிய எண்ணுள்ள பதிப்பைத்தான் ஏற்கும். சிறிய எண்ணுக்கு இறங்காது. ஆகவே, '5.6.1, உண்மையில் 5.4.5' என்று பொருள்படும் பதிப்பெண்ணை இட்டு, பழைய சரக்கைப் புதியது போல் அனுப்பி வைத்தார்கள்.